காத்தாடி என்ன விலை?

பங்குச் சந்தையைப் பற்றி ஆளாளுக்கு ஒரு பாட்டுப் பாடுவார்கள். சூதாட்டம் என்பார் ஒருவர், தங்கச் சுரங்கம் என்பார் இன்னொருவர். தையல்காரம்மாவுக்கு அது இரண்டும் இல்லை. டிவியின் அடியில் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரியில் தங்களுக்குச் சொந்தமான ஆறு பெயர்கள் எப்போது வரும் என்று பார்த்து, வந்ததும் விலையைக் கணவருக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மெஷினை டிவிக்கு எதிரே திருப்பிப் போட்டதே அதற்காகத்தான். கால் மிதித்துக்கொண்டே இருக்கும், கண் துணிக்கும் டிவிக்குமாகப் போய் வரும், வாய் விலை சொல்லும்.

ஆறு கம்பெனிகளுக்கும் வாயில் நுழையாத பெயர்கள். வீட்டுக்குள் செல்லப்பெயர்தான் வழக்கம். சிமெண்ட், பேங்க், டயர், சர்க்கரை, மருந்து, காத்தாடி. காத்தாடி என்பது காற்றாலை செய்கிற கம்பெனி. கட்டிலில் சாய்ந்தபடி கணவர் கேட்டுக்கொள்வார். "டயர் ஏறினது போதும், இந்த வாரத்துல பாதிய வித்துரலாம்" என்பார். "மருந்து எங்கயும் ஓடிடாது, இருக்கட்டும்" என்பார். "சர்க்கரை ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கு? ரெண்டு நாள் விட்டுப் பிடிப்போம்." கேட்கிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பற்றிய பேச்சு போலத்தான் இருக்கும். அவருக்குக் கண் தெரியாது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறியதைக் கவனிக்காமல் விட்டு, வெளிச்சம் எது நிழல் எது என்ற அளவில் வந்து நின்றுவிட்டது.

அவர் எடைமேடையில் வேலை பார்த்தவர். நெடுஞ்சாலை ஓரம், தரையோடு தரையாகப் பதித்த இரும்புப் பலகை. லாரி அதன் மேல் ஏறி நின்றால் பக்கத்து அறையில் எடை தெரியும். சரக்கோடு ஒரு எடை, காலியாக ஒரு எடை, கழித்தால் சரக்கு. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் காலி எடைக்கு வரும்போது கிளீனர் கீழே இறங்கிக்கொள்வான், சரக்கு எடைக்கு வரும்போது தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொள்வான். இவர் மூங்கில் கழியால் தார்ப்பாயைத் தட்டிப் பார்த்து, "தம்பி, நீயும் சரக்கா? என்ன விலை?" என்று கேட்டு எழுப்பிவிடுவார். எத்தனை டிரைவர்கள் கெஞ்சினாலும், எத்தனை முதலாளிகள் உருட்டி மிரட்டினாலும் சீட்டில் எண் மாறாது. 'அரைக்கிலோ' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள், அரைக்கிலோகூட விட்டுக்கொடுக்க மாட்டாராம். அந்த மேடை பத்துக் கிலோவுக்குக் குறைந்து எதையும் காட்டாது என்பது வேறு விஷயம்.

பங்கு வாங்குகிற ஆசை அவருக்கு அந்த அறையில்தான் பிடித்தது. பத்திரிகை படித்தோ யார் பேச்சைக் கேட்டோ இல்லை. எந்தக் கம்பெனியின் லாரி அதிகம் வருகிறது, எது குறைகிறது என்று அவருக்கு அத்துப்படி. சிமெண்ட் லாரிகள் வாசல்வரை வரிசை கட்டினால் சிமெண்டை வாங்குவார். சர்க்கரை மூட்டை ஏற்றிய வண்டிகள் இரண்டு மாதம் மெலிந்தால் சர்க்கரையை விற்பார். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு டிவியில் கத்துகிறவர்களைவிட அவர் கணக்கு ஒன்றும் மோசமில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். விற்பதற்கு ஒரே ஒரு கொள்கை வைத்திருந்தார்: வாங்கின விலைக்குக் கீழே எதையும் கொடுப்பதில்லை. எவ்வளவு நாளானாலும் அந்த விலை திரும்பி வரும்வரை பிடித்த பிடியை விடமாட்டார்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் காற்றாலையின் இறக்கைகள் வர ஆரம்பித்தன. ஒரு இறக்கைக்கு ஒரு லாரி. இறக்கை மேடையை விட நீளம், வண்டி முழுதாக ஏறாது. முன் சக்கரங்களை ஏற்றி ஒரு எடை, பின் சக்கரங்களை ஏற்றி ஒரு எடை என்று போட்டுக் கூட்ட வேண்டும். பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடித்து மண்டையைப் பிளக்கும். இவரோ வெளியே வந்து நின்று, அந்த வெள்ளை இறக்கையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். நாளுக்கு ஒன்று வந்தது, பிறகு ஐந்தாறு வந்தன. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "காத்தாடி வாங்கிட்டேன். அறுபது ரூபாய்க்கு" என்றார். ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதி அதில் போயிருந்தது. கண் மங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

தையல்காரம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிச் சீருடை தைப்பாள், பழைய உடுப்புகளைப் பிரித்து அளவு மாற்றித் தருவாள். தெருவில் அவளிடம் அளவு கொடுக்காத பெண்கள் கிடையாது. அதற்குக் காரணம் அவள் கத்தரிக்கோல் மட்டுமில்லை, வாயும்தான். இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டால் அதில் முப்பத்தெட்டு இருக்கும். அவள் "முப்பத்தாறு" என்பாள். வந்தவளுக்கு முகம் மலர்ந்துவிடும். துணியை முப்பத்தெட்டுக்குத்தான் வெட்டுவாள். போட்டுப் பார்த்தால் கனகச்சிதமாக இருக்கும். சொல்வது ஒன்று, வெட்டுவது ஒன்று. யாருக்கும் நஷ்டமில்லை, யார் மனமும் நோகவில்லை. இத்தனை வருடமாக இப்படியே செய்து, அது பொய் என்கிற நினைப்பே அவளுக்கு விட்டுப்போயிருந்தது.

அந்த வருடம் சந்தை பேயாட்டம் ஆடியது. காலையில் விழும், மதியம் எழும், சாயங்காலம் அதற்கும் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். ஆறில் ஐந்து பங்குகள் அடி வாங்கினாலும் தாக்குப்பிடித்தன. காத்தாடிதான் கண்ணெதிரே கரைந்தது. அந்தக் கம்பெனி கடன் வாங்கிய இடத்தில் வட்டி கட்டவில்லை என்று ஒரு செய்தி வந்தது, கணக்கு எழுதியவர்களே கையெழுத்துப் போட மறுத்தார்கள் என்று இன்னொன்று வந்தது. அன்று எடைமேடைக்காரர் டிவியின் சத்தத்தைக் கூட்டச் சொல்லிச் செய்தியை முழுக்கக் கேட்டார். பிறகு, "இந்தா, கேட்டுக்கோ. கொள்கை கிள்கை எல்லாம் நல்ல கம்பெனிக்குத்தான். இது நாப்பதுக்குக் கீழ போச்சுன்னா அடுத்த நிமிஷம் எனக்குச் சொல்லணும். கிடைச்ச விலைக்குத் தள்ளிவிட்டுரணும்" என்றார். பங்குத் தரகர் ஆபீஸில் அவர் கணக்கைப் பார்க்கிற டீலர் பெண்ணுக்கும் போன் போட்டு அதையே சொன்னார். அப்போது விலை நாற்பத்தெட்டு. அந்த வாரத்திலேயே அவருக்கு நெஞ்சுவலி வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவளை மட்டும் தனியே கூப்பிட்டார். "மருந்து பாதி வேலைதாம்மா செய்யும். அதிர்ச்சி தர்ற மாதிரி எதையும் அவர் காதுல போடாதீங்க. இன்னொரு தடவ வந்தா நான் பொறுப்பில்ல" என்றார். டாக்டர்களுக்கு இப்படிச் சொல்வது எளிது. கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். அவள் முதல் வேலையாக டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். டீலர் பெண்ணுக்குப் போன் செய்து, ஐயா தேறும்வரை அவரைக் கூப்பிட வேண்டாம் என்றாள்.

"சரிங்கம்மா. ஆனா நாப்பதுக்குக் கீழ போனா விக்கணும்னு சொல்லியிருந்தாரே?"

"அப்படிப் போனா நான் பாத்துக்கறேன்."

"நீங்க சொல்லி நான் விக்க முடியாதும்மா. கணக்கு அவர் பேர்ல இருக்கு. அன்னன்னிக்கு அவர் வாயாலயே சொல்லணும், இங்க பேசறது எல்லாம் பதிவாகுது."

மூன்றாம் நாள் காலை காத்தாடி முப்பத்தொன்பதுக்கு வந்தது. கட்டிலிலிருந்து, "காத்தாடி என்ன விலை?" என்று குரல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட இடம் அவர் கையில் இன்னும் கன்றிப்போயிருந்தது. உண்மையைச் சொன்னால் எழுந்து உட்காருவார், போனைக் கேட்பார், நஷ்டத்துக்கு விற்பார், விற்றுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்று அவளுக்கு வரிசையாகத் தெரிந்தது. "நாப்பத்தொண்ணு" என்றாள். அவர் "ம்" என்று சொல்லித் திரும்பிப் படுத்தார். நாளைக்கு எப்படியும் ஏறிவிடும், அப்போது உண்மையும் நாற்பத்தொன்று ஆகிவிடும், தான் சொன்னது பொய் இல்லை என்றாகிவிடும் என்று அவள் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் முப்பத்தாறு, அதற்கடுத்த நாள் முப்பத்துமூன்று. வாயைக் கொடுத்தாயிற்று, இனி எங்கே இறங்குவது? நாற்பதுக்குக் கீழே சொல்ல முடியாது, ஒரே எண்ணைத் தினமும் சொல்லவும் முடியாது. நாற்பத்திரண்டு என்றாள், நாற்பத்துமூன்றரை என்றாள். மற்ற ஐந்தின் விலையை உள்ளது உள்ளபடியே சொன்னாள், காசு சுத்தமாக. சிமெண்ட் விழுந்தாலும் சொன்னாள், பேங்க் விழுந்தாலும் சொன்னாள். அவரும் அவற்றைத் தாங்கிக்கொண்டார். எல்லாம் விழும்போது காத்தாடி மட்டும் படி ஏறுகிறதே என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். "பாத்தியா? வட்டி கட்டலன்னு சொன்னவன் எல்லாம் இப்ப எங்க போனான்? காத்து இவனுங்கள கேட்டா அடிக்குது?" என்று சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தார். அன்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார்.

மருந்து வேலை செய்கிறது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அவளுக்கு எது வேலை செய்கிறது என்று தெரியும்.

வீட்டு முதலாளி வந்தது அந்தச் சமயத்தில்தான். மாடியில் குடியிருப்பவர், நல்ல மனிதர், வாடகைக்காக ஒரு நாளும் கதவைத் தட்டியதில்லை. "வயசாயிடுச்சு, மகனோட போய் இருக்கப்போறேன். வீட்ட குடுத்துடலாம்னு இருக்கேன். இத்தன வருஷமா இருக்கீங்க, மொதல்ல உங்ககிட்ட கேக்கறதுதான் மொற. கீழ்ப்பகுதிய நீங்களே வாங்கிக்குங்க. அடுத்த மாசக் கடைசிக்குள்ள ஒரு பதில் சொல்லுங்க, அதுக்கு மேல தாங்காது" என்றார். எடைமேடைக்காரர் தலையை ஆட்டினார். கண் தெரியாதவருக்கு அந்த வீட்டில் எல்லாம் கைப்பழக்கம். குடிதண்ணீர்க் குடம், குளியலறைத் தாழ்ப்பாள், கட்டிலிலிருந்து வாசல், எதற்கும் யாரும் கைபிடிக்க வேண்டாம். வேறு வீடு என்றால் மறுபடி குழந்தையாக வேண்டியதுதான். "காத்தாடிய வச்சு வாங்கிடலாம்" என்று அவர் சொன்னபோது அவள் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

அறுபது நெருங்கியபோது அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வாங்கின விலை அறுபது அல்லவா? அறுபதைச் சொன்ன மறுநொடி, விற்றுவிடு என்பார். எதை விற்பது? நிஜ விலை இருபத்தைந்தில் கிடந்தது. ஐம்பத்தெட்டிலேயே நின்றாள். ஐம்பத்தெட்டரை, ஐம்பத்தெட்டேகால், ஐம்பத்தொன்பது, மறுபடி ஐம்பத்தெட்டு. ஒரு நாள் மெஷினில் நூல் அறுந்த எரிச்சலில், எண்ணிப் பார்க்காமல் "அறுவத்தொண்ணு" என்று வாயில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். கட்டிலைப் பார்த்தாள். அவர் "ம்" என்றார், அவ்வளவுதான். விற்கச் சொல்லவில்லை. அவளுக்கு நம்பவே முடியவில்லை. லாபம் பார்க்கிற ஆசை வந்துவிட்டது போல, மனிதர் கொள்கையை மாற்றிக்கொண்டார் போல என்று நினைத்துக்கொண்டாள். வேலி தாண்டியாயிற்று, இனி எதற்குப் பயம்? எழுபது, எண்பது என்று தாராளமாக ஏற்றினாள்.

எப்படியாவது கீழே இறக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இல்லாமல் இல்லை. தினம் ஒரு ரூபாய் இரண்டு ரூபாயாகக் குறைத்துக்கொண்டே வந்து, அவருக்குத் தெரியாமலே அவரை உண்மையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடலாம் என்று திட்டம் போட்டாள். தொண்ணூற்றாறிலிருந்து தொண்ணூற்றிரண்டு என்றாள். அன்று அவர் சாப்பாட்டை ஒதுக்கிவைத்தார். எண்பத்தெட்டு என்ற அன்று இடதுகையை நீவிக்கொண்டே இருந்தார். "என்னங்க பண்ணுது?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நீ பாரு" என்றார். அவள் பயந்துபோய் மறுநாள் தொண்ணூற்றைந்து என்றாள். இரக்கம்தான், யார் இல்லை என்றது? ஆனால் இரக்கப்படுகிறவர்கள் பல நேரம் அடுத்தவர் சொத்தை எடுத்துத்தான் செலவு செய்கிறார்கள். தையல்காரம்மாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

கெடு வைத்த மாசக் கடைசி நெருங்கியது. முதலாளி ஒரு தம்பதியை அழைத்துவந்து வீட்டைச் சுற்றிக் காட்டினார். "நீங்க ஒண்ணும் சொல்லல, அதான். இன்னும் நேரம் இருக்கு, தப்பா நெனைக்காதீங்க" என்று அவரே சங்கடப்பட்டார். வந்த பெண் தையல் மெஷின் இருந்த மூலையைக் காட்டி, இங்கே பிரிட்ஜ் வைக்கலாம் என்றாள். வந்த ஆள் அறையை டேப் பிடித்து அளந்தான். கட்டிலை ஒட்டி அளந்தபோது டேப் எடைமேடைக்காரரின் முழங்காலில் பட்டது. அவர் காலை மடக்கிக்கொண்டார். அவர்கள் போன பிறகும் மடக்கிய காலை நீட்டவே இல்லை. அவளால் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"காத்தாடி என்ன விலை?" என்று கேட்டார்.

டிவியில் ஒன்பது ரூபாய் இருபது காசு என்று ஓடியது. முந்தைய நாள் அவள் சொல்லியிருந்தது நூற்றிரண்டு. அந்த முகத்துக்கு ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் போதாது என்று பட்டது.

"நூத்திப்பதினாலு."

அவர் நிமிர்ந்தார். "என்னது? சரியாப் பாத்தியா?"

"நூத்திப்பதினாலுங்க. ஒரே நாள்ல ஏறியிருக்கு."

மடக்கிய கால் இறங்கியது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தோள் குலுங்குவதைப் பார்த்து அவள் மெஷினை விட்டு ஓடிவந்தாள். நெஞ்சுவலி இல்லை, அவர் அழுதுகொண்டிருந்தார்.

"இப்படி உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எத்தனையோ தடவ வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்ல முடியல. நான் அறுவதுக்கு வாங்கல."

அவளுக்குப் புரியவில்லை.

"அறுவதுல பாத்தேன். வாங்கலாமா வேணாமான்னு நிமிஷத்துக்கு ஒரு புத்தி. கண்ணு முன்னாடி எழுவது, எம்பது, நூறுன்னு போச்சு. பொறுக்க முடியல. நூத்திப்பன்னெண்டுல வாங்கினேன், மொத்தப் பணத்தையும் போட்டு. ஒரே வாரத்துல விழ ஆரம்பிச்சுருச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்கிட்ட சொல்லுவேன்? மறுபடி அறுவதுக்கு வந்தப்பதான் வாங்கிட்டேன்னு சொன்னேன். ஊரெல்லாம் என்ன அரைக்கிலோன்னுச்சு, நான் உனக்குப் பாதிக்குப் பாதி பொய் சொன்னேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீ ஒவ்வொரு நாளும் வெல சொல்லும்போது உள்ளுக்குள்ள நூத்திப்பன்னெண்டு, நூத்திப்பன்னெண்டுன்னுதான் ஓடும். இன்னிக்கு தாண்டிருச்சு. இனிமே பயமில்ல. எழுந்து டீலருக்குப் போன போடு. வித்துட்டு மாடிக்குப் போய் அவருகிட்ட வார்த்தை சொல்லிட்டு வா, வீடு நமக்குத்தான்னு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கலியாணமான புதிதில் சிரித்தது போல அவர் சிரித்தார். இதற்குக் கீழே எந்த இடத்தில் நிறுத்தியிருந்தாலும் இவர் விற்கச் சொல்லியிருக்க மாட்டார். இந்த ஒரு எண்ணுக்கு மேல் போகாமல் இருந்திருந்தால் போதும். அது எந்த எண் என்று அவர் அவளிடம் சொன்னதே இல்லை. "நாளைக்குப் பேசலாங்க, இன்னும் ஏறும்" என்றாள்.

"வேணாம். பேராசையில ஒரு தடவ பட்டது போதும். போனக் குடு."

தொலைபேசி எண் அவருக்கு விரல் பழக்கம். அவரே போட்டார். சத்தம் வெளியே கேட்கும்படி வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

"ஐயா! எத்தன நாளாச்சு உங்க குரலக் கேட்டு. உடம்பு தேவலையா?"

"நல்லாருக்கேம்மா. காத்தாடி மொத்தத்தையும் வித்துரு. இப்ப என்ன வெலையோ அந்த வெலைக்கு."

மறுபக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. "செய்யலாங்கய்யா. ஆனா வெல ஒம்போது ரூபா இருவது காசு. அந்த வெலைக்கும் வாங்க ஆளில்ல, விக்கறவங்கதான் வரிசைல நிக்கறாங்க. போட்டு வைக்கறேன், வித்தா உண்டு. சரிதானே?"

எடைமேடைக்காரர் சிரித்துவிட்டார். "நீ வேற ஏதோ கம்பெனியப் பாக்கறம்மா. நல்லா பாரு. நூத்திப்பதினாலு."

"இல்லைங்கய்யா. அதேதான். ஒம்போது இருவது."

"அட, என் சம்சாரம் இப்பத்தான் டிவியப் பாத்துச் சொன்னா. ஒம்போது எங்க, நூத்திப்பதினாலு எங்க?" அவர் குரல் ஏறியது. "இத பாரும்மா. உன் கம்ப்யூட்டர் தப்பு பண்ணும், நீயும் தப்பு பண்ணுவ. முப்பத்தஞ்சு வருஷமா கூட இருக்கறவ. எனக்குக் கண்ணே அவதான். அவ சொன்னா சொன்னதுதான்."

"ஐயா..." என்று இழுத்தாள் டீலர் பெண்.

அவர் போனைத் தூக்கி, மனைவி நிற்கிற திசை என்று அவருக்குத் தெரிந்த பக்கமாக நீட்டினார். "இந்தா, நீயே சொல்லு இவளுக்கு. என்ன வெலைன்னு."

அவள் போனை வாங்கவில்லை. டிவியில் அந்த வரி ஓடிக்கொண்டிருந்தது. சிமெண்ட் போயிற்று, யார் யாருடையவோ போயின, காத்தாடி வந்தது.

"ஒம்போது ரூபா இருவது காசுங்க" என்றாள். போனுக்குச் சொல்லவில்லை, அவருக்குச் சொன்னாள்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. போனுக்குள்ளே அந்தப் பெண் மூச்சுவிடுவது கேட்டது. அவர் நெஞ்சைப் பிடிக்கப் போகிறார் என்று அவள் நெருங்கி நின்றாள். பிடிக்கவில்லை. வியர்க்கவில்லை, சாயவில்லை. இத்தனை நாள் எதற்காகப் பொய் சொன்னோம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணமும் அத்தோடு கைவிட்டுப் போயிற்று.

"எப்பலேந்து?" என்று கேட்டார்.

"முப்பத்தொம்போது வந்ததுலேந்துங்க. நீங்க ஆஸ்பத்திரிலேந்து வந்து மூணாம் நாள். டாக்டர் சொன்னாருங்க, எதையும்..."

"முப்பத்தொம்போதுல வித்திருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சீட்டைப் படித்துக் காட்டுவது போலச் சொன்னார். சொல்லிவிட்டுப் போனைத் தன் காதுப் பக்கம் கொண்டுபோனார்.

"இருக்கியாம்மா?"

"இருக்கேங்கய்யா."

"உன்ன சத்தம் போட்டுட்டேன், மனசுல வச்சுக்காத. காத்தாடிய வரிசைல போட்டு வை. மத்த அஞ்சும் என்ன வெல?"

"டிவில வந்துட்டுதானே இருக்கும், அம்மா சொல்லு..."

"நீ சொல்லும்மா."

அவள் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். டீலர் பெண் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிமெண்ட், சர்க்கரை, டயர். அவர் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி யோசித்தார். சிமெண்ட் இருக்கட்டும், இப்போது விற்றால் பாதிதான் தேறும் என்றார். சர்க்கரையும் டயரும் அப்படியே. மருந்தை விற்கச் சொன்னார். நல்ல பங்குதான், இன்னும் ஏறக்கூடியதுதான், ஆனால் வாங்க ஆள் இருக்கிறதைத்தானே விற்க முடியும்? மருந்தும் பேங்கும் போனால் வேறு வாடகை வீட்டுக்கு முன்பணம் தேறும். இந்த வீடு தேறாது. மாடியில் நாற்காலி நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"பேங்க்?" என்றார்.

டீலர் பெண் விலையைச் சொன்னாள். காலையில் சந்தை திறந்ததும் தையல்காரம்மா சொன்ன அதே விலை, ஒரு காசு கூடவுமில்லை குறையவுமில்லை.

"இன்னொரு தடவ பாத்துச் சொல்லும்மா" என்றார் அவர்.